சாய்கோடு

இருபதாம் தேதி, இரவு பதினொன்றே முக்கால்.
கம்மனஹள்ளியில் மழை விட்டுவிட்டுப் பெய்கிறது.
திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது.
நான் தே தாரிக் ஆற்றுவதைப் போல
அதுவும் எதையோ ஆற்றுகிறது,
நுரைதான் வரவில்லை.

பன்னிரண்டு அடித்தால் ஒரு நாள் தாமதம்.
நாளுக்கு ஐம்பது ரூபாய்.
என் கடையில் ஐம்பது ரூபாய் என்றால்
ஒரு முட்டை, ஒரு கரண்டி சம்பல், கொஞ்சம் கூடுதல் நெத்திலி.
வெள்ளியில் மாற்றிப் பார்ப்பதை
இரண்டாம் வருஷமே விட்டுவிட்டேன்.

முதல் சண்டை பெயரில் தொடங்கியது.
தவமலர் ஏ/பி சின்னக்கருப்பன்.
கடவுச்சீட்டில் அப்படித்தான்: ஏ, ஒரு சாய்கோடு, பி.
கம்பாரில் அதற்கு மகள் என்று பொருள்.
இங்கே கட்டம் கோட்டை ஏற்கவில்லை.
செல்லாத குறி என்றது, சிவப்பில்.
கோட்டை எடுத்து இடைவெளி விட்டேன்.
அப்பா குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போய்
உட்கார்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து கடிதமெல்லாம் அவருக்குத்தான்.
அன்புள்ள சின்னக்கருப்பன்,
தங்கள் மார்ச் மாதக் கணக்கு இன்னும் வந்து சேரவில்லை.
ஈயச் சுரங்கத்து லாரியில் இருபத்தாறு வருஷம் ஓடியவர்,
இந்தியாவை வரைபடத்தில்கூடத் தேடாதவர்,
போய்ச் சேர்ந்து பதினோரு வருஷம்.
அண்ணன் வாங்கிய கடனுக்குத்
தான் வட்டி கட்டிய ஆள் அவர்.
இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கும்
பஸ் ஏறிப் போய்க் கட்டிவிட்டு வந்திருப்பார்.

ஆடிட்டர் பிளேவியா நாள்களை எண்ணினார்.
"நூத்தி எண்பத்திரண்டைத் தாண்டியாச்சு.
வரிக்கு நீங்க உள்ளூர்."
மறுவாரம் விசா அலுவலகத்தில் அதே நாள்களை எண்ணி
அந்நியர் என்று முத்திரை குத்தினார்கள்.
அங்கே ஒருவர் நாற்காலியை என் பக்கம் திருப்பி,
"தமிழ் நல்லாத்தானே பேசுறீங்க,
அப்புறம் என்ன ஃபாரினர்?" என்றார்.
ஆறு பக்கப் படிவம். அதில்
இந்தக் கேள்விக்கு இடமில்லை.

வரிக்கு வீட்டுக்காரி, விசாவுக்கு விருந்தாளி.
சாப்பிட்ட இலையைத் தானே எடுத்துப் போட்டு
பந்திக்கும் பணம் கட்டுகிற விருந்தாளி.

பலகையில் கன்னடம் பெரிதாக வேண்டும் என்றார்கள்.
எழுதிவைத்தேன்.
நாசி லெமாக் கன்னடத்தில் நன்றாகவே இருக்கிறது,
ஒவ்வொரு எழுத்தும் பசியாறி முடித்த மாதிரி
உருண்டையாக.

பிளேவியாவின் பெயரில் ஒரு சின்னக் காற்புள்ளி
மேலே தொங்குமாம், டி'சோசா என்று.
பான் கார்டு வந்த அன்று பார்த்தால் அதைக் காணோம்.
பழகிவிடும் என்று சொல்வாரென்று காத்திருந்தேன்.
சொல்லவில்லை.
அந்த மாதக் கட்டணத்தில் இருநூறு குறைத்துக்கொண்டார்.

சான்றிதழைச் சட்டம் போட்டுக்
கல்லாவுக்கு மேல் மாட்டியிருக்கிறேன்.
கோடு போன இடத்தில் ஏ பி மட்டும் நிற்கிறது.
போன செவ்வாய்க்கிழமை ஒரு பையன்
அதை அண்ணாந்து படித்தான்.
ஏபி! ஆந்திரா!
முகமெல்லாம் சிரிப்பாகக் கேட்டான்:
"மீதி ஏ ஊரு?"
மீதி என்றதும் என் கை தானாகக் கல்லாவைத் திறந்து
ஏழு ரூபாயை நீட்டியது.
வாங்கிக்கொண்டு, இன்னும் பதிலுக்காக நின்றான்.

பதினொன்று ஐம்பத்தெட்டு.
வட்டம் நின்றுவிட்டது.
திரை சொல்கிறது: நன்றி, சின்னக்கருப்பன்.

ஷட்டரைப் பாதி இறக்கிய திகந்தா
என் தோளுக்கு மேல் எட்டிப் பார்க்கிறான்.
"யார் மேடம் இவர், பார்ட்னரா?"
ஆமாம் என்று சொல்லிவிட்டு
நாளைக்கு அரைக்க
மிளகாய் ஊறப்போடுகிறேன்.